லினக்ஸில் இணைப்புகளுக்காகக் காத்திருக்கும் பின்னணி சர்வீஸை எப்படி எழுதுவது? இரண்டு முறை ஃபோர்க் (நிரல் தன்னையே நகலெடுப்பது) செய்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். இரட்டை ஃபோர்க், நடுவில் செட்சிட் (டெர்மினலிலிருந்து பிரிந்து தனி அமர்வு தொடங்குவது) என்று பழைய பாடங்களில் வரும் சடங்கு இன்று தேவையில்லை. முன்னணியில் ஓடும் சாதாரண நிரலாகவே எழுதுங்கள். பின்னணியில் ஓட்டுவது, விழுந்தால் எழுப்புவது, லாக் சேர்ப்பது எல்லாவற்றையும் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி பார்த்துக்கொள்ளும். நிறுத்தச் சொன்னால் சிக்டெர்ம் என்ற சிக்னல் நிரலுக்கு வரும். 90 விநாடிக்குள் முடிக்காவிட்டால் வலுக்கட்டாயமாகக் கொன்றுவிடும்; அதுதான் இயல்பு அமைப்பு.

போர்ட்டைப் பிடிக்கும் பைண்ட், காத்திருக்கும் லிசன், இணைப்பை ஏற்கும் அக்செப்ட் எல்லாம் எந்த மொழியிலும் சில வரிகள்தான். பைண்டுக்கு முன்னால், அதே முகவரியை மறுபடி பிடிக்க அனுமதிக்கும் ரீயூஸ்அட்ரஸை மறக்காமல் போடுங்கள். இல்லாவிட்டால் பழைய இணைப்புகள் டைம்வெயிட்டில் (மூடிய பிறகும் சிறிது நேரம் நினைவில் நிற்கும் நிலை) இருக்கும் 60 விநாடியும் சர்வீஸ் திரும்ப எழாமல் போகலாம்.

உண்மையான வேலை அதற்கு அப்புறம்தான். கடலூர் முதுநகர்ப் பக்கம் மீன் குளிர்பதனக் கிடங்குகளின் வெப்பநிலையைக் கண்காணிக்கும் சர்வீஸ் ஒன்றை நான் பராமரிக்கிறேன். கிடங்கில் உள்ள கருவி டிசிபி என்ற நெட்வொர்க் நெறிமுறை வழியாக அளவுகளை அனுப்பும். கருவி முறையாக இணைப்பை மூடினால், தரவை வாசிக்கும் ரீட் பூஜ்யம் தரும், நமக்கும் தெரிந்துவிடும். ஐப்பசி மழையில் கரண்ட் போனால் அது சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும், ஒரு பாக்கெட்கூட வராது. நம் சர்வீஸோ ரீட்டிலேயே காத்துக்கிடக்கும். கரண்ட் வந்ததும் கருவி புதிதாக இணையும், பழைய இணைப்பு அப்படியே தங்கும். இப்படிச் சேர்ந்துகொண்டே போய் 1024 என்ற இயல்பான கோப்பு வரம்பைத் (ஒவ்வொரு இணைப்பும் ஒரு திறந்த கோப்பாகவே எண்ணப்படும்) தொட்டால் அக்செப்ட் தோற்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்த கடற்கரை இது. இங்கே மின்தடையை அபூர்வமாக நினைத்து எழுதவே முடியாது.

எதிர்முனை இருக்கிறதா என்று டிசிபியே சோதிக்கும் கீப்அலைவ் போதாதா என்றால், அதை இயக்கினாலும் 7200 விநாடி அமைதிக்குப் பிறகே முதல் சோதனை போகும். அப்புறம் 75 விநாடிக்கு ஒன்றாக 9 முறை. ஆக இரண்டு மணி நேரத்துக்கும் மேல், அதுவரை திரையில் பழைய வெப்பநிலையே தெரியும். மீன் வைத்திருப்பவருக்கு இது பெரிய ஆபத்து.

அதனால் கருவி 30 விநாடிக்கு ஒரு சிறு செய்தி அனுப்பட்டும். மூன்று தவறினால் இணைப்பை மூடி, கிடங்குக்காரருக்கு உடனே எச்சரிக்கை அனுப்புங்கள்.

இதைச் சோதிக்கும்போது கருவியில் ஓடும் நிரலை மட்டும் நிறுத்திப் பார்க்காதீர்கள். அப்போது இயங்குதளத்தின் மையமான கெர்னல், இணைப்பை மூடும் ஃபின் பாக்கெட்டை ஒழுங்காக அனுப்பிவிடும், கோளாறு கண்ணில் படாது. பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள்.