டிரோனில் போகும் ரத்தம்: சுற்றிவிட்டு அனுப்புவதா, சுற்றாமலா?

கேள்வி: மலைக்கிராமம் ஒன்றில் ரத்தம் சேகரிக்கும் மையம் நடத்துகிறேன். அடிவாரத்து லேபுக்கு வேனில் மூன்று மணி நேரம். டிரோனில் அனுப்பலாம் என்கிறார்கள். குலுக்கலில் அணுக்கள் உடைந்துவிடாதா? ரத்தத்தை வேகமாகச் சுழற்றி அணுக்களைப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜில் சுற்றிவிட்டுத்தான் அனுப்ப வேண்டுமா?

பதில்: குலுக்கலைவிட வெயிலுக்குப் பயப்படுங்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த திமதி அமுகெலேயின் குழு 2015இல் 56 பேரின் 336 டியூப்களை ஒப்பிட்டது. பாதி 6 முதல் 38 நிமிடம்வரை பறந்தன, மீதி தரையிலேயே இருந்தன. 33 பரிசோதனைகளின் முடிவுகளும் பெரும்பாலும் ஒத்துப்போயின. 2017இல் அரிசோனா பாலைவனத்தில் 258 கிலோமீட்டர், மூன்று மணி நேரம் பறக்கவிட்டார்கள். 19 பரிசோதனைகளில் குளுக்கோஸும் பொட்டாசியமும் மட்டுமே வேறுபட்டன. அதிலும் மாறியவை பறக்காத டியூப்கள்தான். காருக்குள் அவை சற்றுக் கூடுதல் சூட்டில் இருந்துவிட்டன.

சுற்றாத ரத்தத்தில் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். சரி, ஐஸில் வைத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். பொட்டாசியத்தை அணுக்களுக்குள் இழுத்து வைக்கும் பம்ப் குளிரில் மந்தமாகி, பொட்டாசியம் வெளியே கசியும். நல்ல ஆளுக்குப் பொய்யாக ஏறிய ரிசல்ட் வரும்.

ஆகவே சீரம் ஜெல் டியூபை (உறைந்த அணுக்களையும் மேலே நிற்கும் தெளிந்த நீரான சீரத்தையும் ஜெல் பிரித்து வைக்கும் டியூப்) அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்து, உறைந்ததும் சுற்றி, ஜெல் அடுக்கு முழுதாக நிற்கிறதா என்று பார்த்து அனுப்புங்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி சுற்றக்கூடாது, ஜெல்லுக்குக் கீழே தேங்கிய பொட்டாசியம் மேலே வந்துவிடும். இதை லேபுக்கு எழுதியே கொடுத்துவிடுங்கள். ரத்த அணுக்கள் எண்ணும் ஊதா மூடி டியூபைச் சுற்றாமல் அனுப்ப வேண்டும்.

டிரோன் மோட்டாரையே சென்ட்ரிஃபியூஜாக்கி, பறக்கும்போதே பிசிஆர் (மரபணுத் துணுக்கைப் பெருக்கிக் கண்டறியும் பரிசோதனை) செய்த டெக்சாஸ் ஏ அண்டு எம் ஆய்வு (2016) ஒன்றும் உண்டு. ரசிக்கலாம், உங்கள் மையத்துக்கு இப்போதைக்கு உதவாது.

பேக்கிங் மூன்றடுக்கு: கசியாத டியூப், உறிஞ்சும் பஞ்சோடு கசியாத உறை, கெட்டியான வெளிப்பெட்டி. கண்ணுக்கெட்டாத தூரம் பறக்கத் தனி அனுமதி தேவை. அதை டிரோன் நிறுவனம் கையில் வைத்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

தொடங்கும்முன், சம்மதிக்கும் சிலரிடம் இரண்டிரண்டு டியூப் எடுங்கள். ஒன்று வேனில், ஒன்று டிரோனில். பொட்டாசியத்தையும் சீரம் சிவந்திருக்கிறதா (அணுக்கள் உடைந்தால் சிவக்கும்) என்பதையும் ஒப்பிட்டுவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.