நித்திய கல்யாணி டீ குடிச்சா கேன்சர் போயிடுமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ போயிட்டிருக்கு. நித்திய கல்யாணி இலையைக் காய வச்சு டீ போட்டுக் குடுங்க, கேன்சர் மருந்தே அதுலேருந்துதான் வருதுன்னு சொந்தக்காரர் ஒருத்தர் சொல்றார். லேப்ல கேன்சர் செல்லைக் கொன்னுடுச்சுன்னு ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையும் அனுப்பியிருக்கார். குடுக்கலாமா?

பதில்: வேண்டாங்க, தயவுசெஞ்சு குடுத்துடாதீங்க. அவர் சொன்னதுல பாதி உண்மை, அந்தப் பாதி உண்மைதான் எனக்குப் பயமா இருக்கு. வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின்னு ரெண்டு கீமோ மருந்து இந்தச் செடியிலேருந்துதான் வந்துச்சு, குழந்தைங்களுக்கு வர்ற ரத்தப் புற்றுநோய்க்கும் ஹாட்ஜ்கின் லிம்போமாங்கிற நிணநீர்ப் புற்றுநோய்க்கும் இன்னிக்கும் குடுக்கிறாங்க.

அந்தக் கதை ஆரம்பிச்சதே ஒரு டீயிலதான். ஜமைக்காவுல சர்க்கரை வியாதிக்குன்னு இந்த இலையைக் கொதிக்க வச்சுக் குடிச்சிட்டிருந்தாங்க. 1952ல அங்கேருந்து கொஞ்சம் இலை கனடாவுல இருந்த டாக்டர் கிளார்க் நோபிளுக்கு வந்துச்சு, அவர் அதை வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி பண்ணிட்டிருந்த தம்பி ராபர்ட் நோபிள்கிட்ட குடுத்தார். எலிக்கு வாய் வழியாக் குடுத்தா சர்க்கரை குறையவே இல்ல. சாறை ஊசியாப் போட்டாங்க, எலிங்க நோய்த்தொற்று வந்து செத்துப்போச்சு, என்னன்னு பாத்தா எலும்பு மஜ்ஜை அடிவாங்கி வெள்ளை அணு ஒரேயடியா இறங்கியிருக்கு. அப்போ வெள்ளை அணு தாறுமாறாப் பெருகுற ரத்தப் புற்றுநோய்க்கு இது உதவுமேன்னு யோசிச்சாங்க பாருங்க, அதுதான் திருப்பம். வேதியியலாளர் சார்லஸ் பீர் கூடச் சேர்ந்து வின்பிளாஸ்டினைத் தனியாப் பிரிச்சு 1958ல அறிவிச்சாங்க. அதாவது டீயா குடுத்தப்ப பலன் தெரியல, உள்ள இருந்த ஒரே ஒரு பொருளைப் பிரிச்சு, சுத்தம் பண்ணி, அளந்து ரத்தக்குழாய்ல ஏத்தினப்பதான் அது மருந்தாச்சு.

இந்தச் செடிக்குள்ள நூத்துக்கும் மேல ஆல்கலாய்டு, அதாவது உடம்புல வீரியமா வேலை செய்யக்கூடிய செடி ரசாயனம், இருக்கு. அதுல வின்கிறிஸ்டின் ரொம்ப ரொம்பக் கம்மி, ஒரு கிராம் எடுக்கவே நூத்துக்கணக்கான கிலோ காய்ஞ்ச இலை வேணும். மருந்தா குடுக்கிறப்பவும் உடம்போட பரப்பளவைக் கணக்குப் போட்டு, பெரும்பாலும் ஒரு தடவைக்கு 2 மில்லிகிராம் தாண்டாமப் பாத்துக்கிறாங்க, ஏன்னா கொஞ்சம் கூடினாலே நரம்பு பாதிச்சு கை கால் மரத்துப்போகும், குடல் நின்னுபோற அளவுக்கு மலச்சிக்கல் வரும். ஒரு ஸ்பூன் இலைத்தூள்ல எது எவ்வளவு இருக்குன்னு வீட்டுல யாரால சொல்ல முடியும், செடிக்குச் செடி, மாசத்துக்கு மாசம் மாறும். கேன்சரைத் தொடுற அளவு அந்த டீயில வராது, ஆனா மத்த ஆல்கலாய்டெல்லாம் கூடவே இறங்கும், சிலது ரத்த அழுத்தத்தையே மாத்தும். அம்மாவுக்கு ஏற்கெனவே கீமோவால வெள்ளை அணு குறையற நேரம் இது.

அந்தக் கட்டுரை விஷயம். மூணு இடத்தைப் பாருங்க. சாறை எதுல எடுத்தாங்க? பெரும்பாலும் மெத்தனால்ங்கிற ஆல்கஹால்ல எடுப்பாங்க, நாம டீ போடுறது தண்ணியில, ரெண்டுலயும் இறங்குற பொருள் வேற வேற. ரெண்டாவது, ஜிசிஎம்எஸ்ங்கிற, சாறுல என்னென்ன இருக்குன்னு பாக்குற மெஷின்ல இத்தனை பொருள் கண்டுபிடிச்சோம்னு நீளமா ஒரு பட்டியல் போட்டிருப்பாங்க, அந்த மெஷின் ஆவியாகுற சின்ன மூலக்கூறைத்தான் பாக்கும், வின்கிறிஸ்டின் மாதிரி பெருசெல்லாம் அதுல சிக்காது, அதுக்கு எல்சிஎம்எஸ்ங்கிற வேற மெஷின் வேணும். மூணாவது ஐசி50, அதாவது தட்டுல வளர்ற செல்லுல பாதியை நிறுத்த எவ்வளவு சாறு ஆச்சுங்கிற கணக்கு. சோப்புத் தண்ணி ஊத்தினாலும் அந்த செல் சாகும்ங்க. நல்ல செல்லை விட்டுவச்சுதா, குடிச்சா அந்த அளவு ரத்தத்துல வந்து சேருமா, இந்த ரெண்டுக்கும் பதில் இல்லாத கட்டுரையை வச்சு ஒரு நோயாளிக்கு எதையும் குடுக்கக் கூடாது. அதுக்காக இந்த ஆராய்ச்சியெல்லாம் வீண்னு சொல்லல, வின்பிளாஸ்டினும் லேப்லதான் ஆரம்பிச்சுது, ஆனா அது முதல் படி மட்டும்தான்.

கேள்வி: அப்போ கீமோ நேரத்துல கிரீன் டீ?

பதில்: சாதாரணமா ஒண்ணு ரெண்டு கப் பெரும்பாலும் பிரச்சினை இல்ல, ஆனா எந்த மருந்து போகுதுங்கிறதைப் பொறுத்தது. மைலோமாங்கிற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்குக் குடுக்கிற போர்டெசோமிப் மருந்தை கிரீன் டீயில இருக்குற ஈஜிசிஜிங்கிற பொருள் பிடிச்சுக்கிட்டு வேலை செய்ய விடாம பண்ணுதுன்னு 2009லயே செல்லுலயும் எலியிலயும் பாத்துட்டாங்க. கிரீன் டீ கேப்சூல் மட்டும் வேண்டவே வேண்டாம், ஒரு நாளைக்கு 800 மில்லிகிராம் ஈஜிசிஜி போனா கல்லீரல் என்சைம் ஏறலாம்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல சொல்லியிருக்கு. செயின்ட் ஜான்ஸ் வோர்ட்ங்கிற மூலிகை கலந்த டீ இன்னும் மோசம், அந்த மூலிகை இரினோடெக்கான்ங்கிற கீமோ மருந்து போட்டுக்கிறவங்க ரத்தத்துல அந்த மருந்தோட வீரியமான பகுதியை 42 சதவீதம் குறைச்சிடுச்சு. அதனால அடுத்த தடவை டாக்டரைப் பாக்கப் போறப்ப மருந்துச் சீட்டோட அந்த டீ பாக்கெட்டையும் கையில எடுத்துட்டுப் போங்க, பின்னாடி இருக்குற பொருள் பட்டியலை அவங்களே படிச்சுச் சொல்லட்டும்.