ஆயுத பூஜை சுண்டல் முதல் தனி டம்ளர் வரை: கிறிஸ்தவ வாழ்க்கை கேள்வி பதில்

(பதில் சொல்கிறவன் தெற்கத்தி சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரன். மற்ற சபையார் மாறுபடலாம்.)

கேள்வி: ஆபீஸில் ஆயுத பூஜைக்குச் சுண்டல், பொரி கொடுக்கிறார்கள். வாங்கலாமா பிரதர்?

இந்தச் சிக்கல் பவுல் அப்போஸ்தலர் காலத்துக் கொரிந்து பட்டணத்திலேயே வந்துவிட்டது. சந்தைக் கறி கோயிலில் படைத்ததாகவும் இருக்கலாம். விசாரிக்காமல் சாப்பிடு, படைத்தது என்று ஒருவர் சொன்னால் அவர் மனசாட்சிக்காக விட்டுவிடு என்கிறார் பவுல் (1 கொரி. 10). அதனால் பலர் வாங்குவதில்லை. சரி, வேண்டாமென்றால் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். முகம் சுளிக்க அந்த வேதப் பகுதியில் அனுமதி இல்லை. காலையில் மேஜை துடைக்கக் கூட நில்லுங்கள். நம் கிறிஸ்துமஸ் கேக்கை அவர்கள் எப்படி வாங்கிக்கொள்கிறார்கள் என்றும் கொஞ்சம் யோசியுங்கள்.

கேள்வி: தசமபாகம் மொத்தச் சம்பளத்திலா, பிடித்தம் போக மீதியிலா?

புதிய ஏற்பாட்டில் சபைக்கு இந்தப் பத்தில் ஒரு பங்குக் கணக்கே இல்லை. மனதில் நியமித்தபடி உற்சாகமாய்க் கொடுக்கச் சொல்கிறது, அவ்வளவுதான். கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: உலை வைக்கும்போதெல்லாம் அம்மா ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கிறார். ஜிபே இருக்கையில் இது எதற்கு ஐயா?

கைப்பிடி அரிசிக் காணிக்கை! காசு ஆண்கள் கையில் இருந்த காலத்தில், யாரையும் கேட்காமல் ஒரு பெண்ணால் கொடுக்க முடிந்தது அரிசிதான். மிசோரமில் 1910 வாக்கில் பெண்கள் தொடங்கிய இதே பழக்கம் இன்றும் அங்குள்ள சபையின் ஊழியங்களைத் தாங்குகிறது. வறுமைப்பட்ட மலைநாட்டு வீடுகளில் சேர்ந்த அரிசி அது. ஜிபேயில் மாதம் ஒருமுறை அழுத்திவிட்டு மறந்துவிடலாம். அம்மாவுக்கோ தினமும் சமைக்கும்போதே இன்னொருவர் பங்கு ஞாபகம் வந்துவிடுகிறது. தடுக்காதீர்கள்.

கேள்வி: பொட்டு, நகை?

கத்தோலிக்க வீடுகளில் சிலுவையோ புறாவோ பொறித்த தாலி உண்டு. பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் தாலியே கிடையாது. பொட்டும் நகையும் அப்படித்தான், சபைக்குச் சபை வழக்கம் மாறும். அதைக்கொண்டு யார் விசுவாசத்தையும் எடைபோட வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டு வாசலில் 'இயேசுவே இவ்வீட்டின் தலைவர்' என்று போர்டு இருக்கிறது. உள்ளே வேலை செய்யும் அக்காவுக்குத் தனி டம்ளர். தங்கைக்கு மாப்பிள்ளை தேடும் விளம்பரத்தில் முதல் வரியே சாதி. என்ன செய்யட்டும் அண்ணா?

உண்மையில் நம் சபைகளை உறுத்த வேண்டிய கேள்வி இதுதான், தம்பி. ஆனால் பொட்டைப் பற்றிக் கேட்பவர்களில் பாதிப்பேர்கூட இதைக் கேட்பதில்லை. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை ஒழிய வேண்டும் என்று உத்தரவு போட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சாதியை விடாமல் சபையை விட்டார்கள். கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்றே என்னும் கலாத்தியர் 3:28 அவர்கள் வேதாகமத்திலும் இருந்தது. நம் ஊர்களில் கல்லறைத் தோட்டம் வரைக்கும் அந்தச் சாதி வேற்றுமை தொடர்கிறது.

வீட்டில் பிரசங்கம் செய்ய வேண்டாம். நாளையிலிருந்து அந்த டம்ளரில் நீங்கள் காபி குடியுங்கள், அக்காவுக்கு உங்கள் டம்ளரில் கொடுங்கள். அக்காவின் சம்பளம் மாதத்தின் முதல் தேதியில் கைக்குப் போகிறதா என்றும் பாருங்கள். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடும் என்கிறது யாக்கோபு நிருபம். விளம்பரத்தைப் பொறுத்தவரை முதலில் தங்கையிடம் பேசுங்கள். அவளுக்கு அந்த வரி வேண்டுமா என்று இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.