மந்திரம் எத்தனை பேர் கையில் இருக்கலாம்?

"டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை விளையாட்டில் முதல்முறையாக டிஎம் ஆக, அதாவது கதையை நடத்துபவராக, உட்காரப் போகிறேன். என் கற்பனை உலகத்தில் மந்திரம் எவ்வளவு சாதாரணமாக இருக்கலாம்? அதிகமானால் வியப்பு போய்விடுமோ?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகாது. நான் இருப்பது மொரீஷியஸில், காத்ர் போர்ன் பக்கம். இங்கே ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் கோர் த கார்த் மலை முருகன் கோயிலுக்குக் காவடி போகும். எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் எடுப்பார்கள். பத்து நாள் விரதம். காவடியின் இரண்டு பக்கமும் செம்பில் பால். கோடை வெயிலில் மணிக்கணக்காக நடந்து, படியேறி, மேலே போய்த் திறக்கும்போது பால் திரியாமல் இருக்க வேண்டும் என்பது நம்பிக்கை. சிறு வயதிலிருந்து பார்க்கிறேன். அண்ணன் செம்பின் வாயில் கட்டிய துணியை அவிழ்க்கும்போது இன்றும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. தெருவில் பலர் செய்வதால் அது சிறுத்துப் போகவில்லை. அந்தப் பத்து நாளும் அவன் என்ன சாப்பிட்டான், எங்கே படுத்தான் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

அதனால் ஊருக்கு எத்தனை மந்திரவாதிகள் என்று எண்ண வேண்டாம். ஒரு மந்திரத்துக்கு என்ன கொடுக்க வேண்டும், அதைக் கொடுக்க யாரால் முடியும் என்று பாருங்கள்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 விதிகளிலேயே இதற்கு வழி இருக்கிறது. தொழில் பழகாத கூலியாளுக்கு ஒரு நாளைக்கு 2 வெள்ளிக் காசு. என்றும் அணையாத விளக்கு ஏற்றும் மந்திரத்துக்கு 50 தங்கக் காசு மதிப்புள்ள மாணிக்கப் பொடி செலவாகும். 10 வெள்ளி ஒரு தங்கம் என்பதால், ஒரு விளக்குக்கு 250 நாள் கூலி. இறந்தவரை எழுப்ப 500 தங்கத்துக்கு வைரம் வேண்டும், அதுவும் இறந்த 10 நாளுக்குள். கிட்டத்தட்ட ஏழு வருடக் கூலி! எழுப்பத் தெரிந்த பூசாரி ஊருக்கு ஒருவர் இருந்தாலும் கூலிக்காரர் வீட்டில் யாரும் எழப் போவதில்லை. இந்த ஒரு கணக்கை வைத்தே ஒரு ஊரை எழுதிவிடலாம்.

சின்ன மந்திரங்களைத் தாராளமாக விடுங்கள். உடைந்த பானையை ஒட்டுவது, விரல் நுனியில் வெளிச்சம் வருவது, இதெல்லாம் பாட்டிமார்களுக்குக் கூடத் தெரிந்திருக்கட்டும். உலகம் அழகாகும், கதை கெடாது. கவனம் வேண்டியது சோறு, தண்ணீர், நோய் மூன்றையும் தொடும் மந்திரங்களில்தான்.

எங்கள் மேஜையில் நடந்ததைச் சொல்கிறேன். பேச்சு பெரும்பாலும் இந்தத் தீவின் கிரியோல் மொழியில்தான் ஓடும், மந்திரம் சொல்லும்போது மட்டும் எல்லோரும் தமிழுக்கு வந்துவிடுவார்கள். (கோயிலில் பழகிய பழக்கம். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.) கரும்புக்காட்டு நடுவே ஒரு கிராமம் எழுதியிருந்தேன். ஐந்தாம் லெவல் ட்ரூயிட் (இயற்கையோடு சேர்ந்த மந்திரவாதி) ஒருவர் எட்டு மணி நேரம் உட்கார்ந்து மந்திரம் சொன்னால், சுற்றி அரை மைல் நிலம் ஒரு வருடத்துக்கு இரண்டு மடங்கு விளையும். சுமார் 500 ஏக்கர். ஊருக்கு ஒரு ட்ரூயிட் இருந்தால் பசியே இருக்காது, கதைக்கு என்ன செய்வது என்று நான் கவலையோடு இருந்தேன்.

என் சித்தி மகன் பகடையைக் கீழே வைத்தான். "அக்கா, மந்திரம் கரும்பை வளர்க்கும், ஆனால் வெட்டாது. இரண்டு மடங்கு விளைந்தால் வெட்ட ஆளும் இரண்டு மடங்கு வேண்டும். அவர்களை எங்கேயிருந்து கொண்டுவருவார்கள்?"

மேஜையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேரின் கொள்ளுத்தாத்தாக்கள் 1834-க்குப் பிறகு ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தவர்கள். கரும்பு வெட்டத்தான் வந்தார்கள்.

அன்றைக்கு அந்த உலகம் தானாக எழுந்து நின்றது. ட்ரூயிடுகள் தோட்ட முதலாளியிடம் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். துறைமுகத்தில் மாதாமாதம் கப்பல் வருகிறது. அந்த 500 ஏக்கர் வட்டத்துக்கு வெளியே காய்கறி போடும் சிறு விவசாயிக்குப் பழைய விளைச்சல்தான். மந்திரத்தை நான் குறைக்கவே இல்லை. ஒரே ஒரு விதி சேர்த்தேன்: நிலத்துக்கு மந்திரம் சொல்பவர் முன்னதாகப் பத்து நாள் விரதம் இருக்க வேண்டும், அந்த நாட்களில் வேறு எந்த மந்திரமும் சொல்லக் கூடாது. இப்போது எங்கள் ட்ரூயிட் ஏழாம் நாளில் இருக்கிறாள். முதலாளியின் ஆட்கள் அவளைத் தேடுகிறார்கள், தற்காத்துக்கொள்ளக்கூட ஒரு மந்திரம் சொல்ல முடியாமல் அவள் ஒரு விவசாயி வீட்டு மாட்டுக்கொட்டகையில் ஒளிந்திருக்கிறாள். நாலு மாதமாக விளையாடுகிறோம், இவ்வளவு பதற்றமான இரவு வந்ததில்லை.

உங்கள் ஊரில் என்ன விளைகிறது, யார் அறுக்கிறார்கள் என்று இங்கே எழுதுங்கள். எந்த மந்திரத்தை எங்கே வைக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.