கல்தூசுக்கு எந்த முகக்கவசம்?

கேள்வி: கல் அறுக்கும் தொழிலாளர்களுக்கு அறுவை சிகிச்சை முகக்கவசம் போதுமா?

பதில்: போதாது. அது முகத்தில் இறுகப் படியாததால், நுரையீரலின் ஆழம்வரை செல்லக்கூடிய நுண்ணிய சிலிக்கா (கல்லில் உள்ள கனிமம்) தூசு ஓரங்கள் வழியே புகுந்துவிடும். குறைந்தது 95 சதவீதத் துகள்களை வடிகட்டும் என்95 கவசம் தேவை. காற்றிலுள்ள தூசு அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் 10 மடங்கைத் தாண்டினால் அதுவும் உதவாது, முகம் முழுவதையும் மூடும் கவசமே வேண்டும். ஆகவே தூசை அளக்காமல் கவசம் வாங்குவது, என் கருத்தில், பணவிரயம். விளிம்பு தோலில் படியுமிடத்தில் ஓரிரு நாள் தாடி இருந்தாலே கசிவு ஏற்படும் என்பதால், ஒவ்வொருவருக்கும் கவசம் பொருந்துகிறதா என்று ஆண்டுதோறும் சோதியுங்கள். இவற்றுக்கெல்லாம் முன்பாக, அறுக்கும் சக்கரத்தில் நீர் பாய்ச்சித் தூசு கிளம்பாமல் தடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.