‘அங்கே ஒன்றுமில்லை’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜூன் மாதம் 6 நாள் விடுமுறை கிடைத்திருக்கிறது. நான், மனைவி, 11 வயது மகள். அமெரிக்காவில் கூட்டமில்லாத தேசியப் பூங்காவாகத் தேடி இரண்டில் வந்து நிற்கிறோம். ஒன்று சுப்பீரியர் ஏரிக்குள் இருக்கும் ஐல் ராயல் தீவு, இன்னொன்று நெவாடாவின் கிரேட் பேசின். விலங்கு, காட்சிமுனை, போன் சிக்னல், பயணத்தில் வீணாகும் நேரம் என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு அட்டவணை தயாரித்தேன். இரண்டும் சமமாக வருகின்றன. ‘ரெண்டு இடத்திலும் ஒன்றுமில்லை, பேசாமல் யெல்லோஸ்டோன் போ’ என்கிறார்கள் நண்பர்கள். தீவில் ஓநாய் பார்க்க முடியுமா? எது வொர்த்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

பயண யோசனை கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று பழைய புகைப்படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன், அதில் ஒரு மரத்தின் படம் இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடலாம். சிக்னலை இரண்டு இடத்திலும் நம்பாதீர்கள், ஊரில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். தீவில் ஜூனில் கொசு உண்டு. ஓநாய் அநேகமாகக் கண்ணில் படாது. உறைந்த ஏரியின் மேல் நடந்தே அந்தத் தீவுக்கு வந்து சேர்ந்த கூட்டம் அது. 1958 முதல் அவற்றையும் மூஸ் மான்களையும் விடாமல் ஆய்வு செய்துகொண்டிருக்கிறார்கள். 2016-ல் இரண்டே இரண்டு ஓநாய்கள்தான் மிச்சம். அப்புறம் 2018, 2019-ல் வெளியிலிருந்து 19 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். சாயங்காலம் இருட்டும்போது, அவை இந்தக் காட்டுக்குள் எங்கோ இருக்கின்றன என்ற நினைப்போடு பேசாமல் உட்கார்ந்திருக்க முடியுமென்றால் போங்கள். அதற்கு உங்கள் அட்டவணையில் கட்டமே கிடையாது.

அந்த அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள். கோபமாகத்தான் சொல்கிறேன். கூட்டம் வேண்டாம் என்கிறீர்கள், ஆனால் கூட்டம் போகும் இடத்தில் என்னென்ன கிடைக்குமோ அத்தனையும் இங்கேயும் வேண்டும் என்கிறீர்கள். ஆட்கள் மட்டும் இல்லாத யெல்லோஸ்டோனைத்தான் தேடுகிறீர்கள். தீவுக்குப் படகு அல்லது மிதவை விமானம், வேறு வழியில்லை. உள்ளே கார் கிடையாது, நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை பூங்காவையே மூடிவிடுகிறார்கள். ஏரிக்கரையில் இருக்கும் காப்பர் ஹார்பர் ஊரிலிருந்து படகில் கிட்டத்தட்ட 4 மணி நேரம் ஆகும். அதை ‘வீணாகும் நேரம்’ என்று கழித்திருக்கிறீர்களே, அந்த 4 மணி நேரம் இருப்பதால்தானே அங்கே கூட்டம் இல்லை!

நானும் முதல் தடவை கிரேட் பேசினுக்கு இப்படித்தான் போனேன். காலையில் லேமன் குகை, மத்தியானம் பிரிஸ்ல்கோன் பைன் என்ற ஊசியிலை மரங்களின் தோப்பு, ராத்திரிக்குள் அடுத்த மாநிலம். தோப்பில் 20 நிமிடம் நின்றிருப்பேன். ஒரு மரத்தைப் பார்த்தேன், பட்டுப்போன மரம் என்று நினைத்தேன், படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் ஒரு கிளையின் நுனியில் பச்சை தெரிந்தது. உயிரோடு நிற்கிற மரத்தை, அதன் முன்னாலேயே நின்று, செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டு வந்திருக்கிறேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

3 வருடம் கழித்து மறுபடி போனேன், 4 நாள், அந்தத் தோப்புக்காக மட்டும். அதே மரம். உடம்பு முழுக்கப் பட்டை உரிந்து, காற்றும் பனித்துகளும் இழைத்து இழைத்து, தேன் நிறத்தில் வழவழவென்றிருந்தது. காற்று அடிக்காத பக்கத்தில் நான்கு விரல் அகலத்துக்கு மட்டும் பட்டை மிச்சமிருந்து, வேரிலிருந்து முறுக்கிக்கொண்டு மேலே போகிறது. அந்த ஒரு கீற்று வழியாகத்தான் மேலேயிருக்கும் ஒற்றைக் கிளைக்குத் தண்ணீர் ஏறவேண்டும். பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி நெருக்கமான ஊசியிலைகள். ஓர் இலை 30 வருடம்கூட உதிராமல் இருக்குமாம். இதை நான் மூன்றாம் நாள்தான் பார்த்தேன். முதல் இரண்டு நாளும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அதே மலையில் 1964-ல், அது தேசியப் பூங்கா ஆவதற்கு 22 வருடம் முன்னால், ஒரு பிரிஸ்ல்கோன் பைனை வெட்டினார்கள். பழைய பனியாறுகளின் காலத்தைக் கணக்கிட வந்த ஆராய்ச்சி மாணவர், வனத்துறை அனுமதியோடுதான் வெட்டினார். எண்ணிப் பார்த்தால் 4,862 வளையங்கள். அதுவரை வயது தெரிந்த எந்த மரத்தைவிடவும் மூத்தது. அந்த மாணவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, அவருக்குத் தெரியாது. ஆனால் உங்கள் மதிப்பெண்களைப் பார்த்தபோது அந்த அடிக்கட்டைதான் ஞாபகம் வந்தது.

சரி, எது என்று கேட்டீர்கள். உங்கள் மகளிடம் இரண்டு இடத்தைப் பற்றியும் சொல்லி அவளையே கேளுங்கள். எதுவானாலும் 6 நாளும் அங்கேயே இருங்கள். தீவு என்றால் படகில் இப்போதே இடம் பிடியுங்கள். கிரேட் பேசின் என்றால் ஜூன் கடைசியில் போங்கள், அதற்கு முன்னால் மேலே போகும் சாலை பனியால் மூடிக் கிடக்கலாம். தோப்பு 3,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது, குழந்தைக்கு மூச்சு வாங்கும், தண்ணீர் நிறைய எடுத்துக்கொண்டு மெல்ல நடங்கள். கீழே கிடக்கும் காய்ந்த கட்டையைக்கூட எடுக்கக் கூடாது என்று அவளிடம் சொல்லிவையுங்கள். மரத்தைச் சுற்றி வந்து, உயிருள்ள பட்டை எந்தப் பக்கம் என்று அவளே கண்டுபிடிக்கட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் அவசரப்படுத்தாதீர்கள்.