குளிர்நாட்டுக் காட்டுக்கு ஆர் பசளை போடுகினம்?

முள்ளியவளை: தம்பி நோர்வேயிலை இருக்கிறான். ஸ்புரூஸ் மரங்களுக்குக் கீழை நிறையக் காளான், படம் அனுப்பினவன். அந்தக் குளிருக்குள்ளை பசளை இல்லாமல் மரம் எப்பிடி வளருது அண்ணை?

பதில்: தங்கச்சி, அந்தக் காளானுக்கு இதில் பெரிய பங்கு இருக்கிறது. அங்கே மண்ணில் மரத்துக்கு வேண்டிய நைதரசன் நிறைய உண்டு. ஆனால் பூட்டிக் கிடக்கிறது. குளிரில் சருகு லேசில் உக்காது, மெத்தைபோல் படியும். அதிலுள்ள நைதரசன் நிறைந்த புரதத்தைத் தனின் என்ற துவர்ப்புப் பொருள் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆவரசம் பட்டையில் ஊறிய தோல் அழுகாமல் இருக்கிறதல்லவா, அதே சங்கதி. வேரால் தனியே அதை உடைக்க ஏலாது. மேலே காளானாய் முளைப்பது மண்ணுக்குள் பங்கசாக இருக்கும். வேர்நுனியை உறைபோல் போர்த்தியிருக்கும் அந்தப் பங்கசுதான் மயிரிலும் மெல்லிய இழைகளைச் சருகுக்குள் விட்டு, நொதியம் சுரந்து, புரதத்தை அமினோ அமிலமாக்கி உறிஞ்சும். அதில் ஒரு பங்கு மரத்துக்கு. மரம் பதிலுக்குச் சீனி கொடுக்கும். எல்லாப் பங்கசுக்கும் ஒரே வல்லமை இல்லை. கோர்ட்டினேரியஸ் இனங்கள் சில தனினையே சிதைக்கும். இந்த உறவுக்கு 1885இல் ‘மைக்கோரைசா’ என்று பேர் வைத்தவர் ஜேர்மனியின் ஆல்பேர்ட் ஃபிராங்க்.

ஒட்டுசுட்டான்: பங்கசு பூச்சியைக் கொல்லுமாம், மெய்யே?

பதில்: மெய்தான். லக்காரியா பைகலர் என்ற காளான், மண்ணில் தத்தித் திரியும் நுண்பூச்சிகளைக் கொன்று உறிஞ்சும். 2001இல் வெளியான கனடா ஆய்வில், வெள்ளைப் பைன் கன்றுகளின் நைதரசனில் 25 வீதம் வரை அந்தப் பூச்சிகளிலிருந்தே வந்திருந்தது. இதை வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

பரந்தன்: 2021இல் யூரியா இல்லாமல் பட்ட பாடு மறக்கேல்லை. பங்கசு பைக்கற் வாங்கி வயலுக்குப் போட்டால் யூரியா தேவைப்படாதோ?

பதில்: ஐயா, அதை நம்பிக் காசை விடாதேங்கோ. நெல், மிளகாய் வேர்களில் இருப்பது வேறு கூட்டம். வேர்க்கலத்துக்குள்ளேயே புகுந்திருக்கும்; பொசுபரசு தேடித் தருவதில் கெட்டி. சருகை உடைக்கும் நொதியம் அதனிடம் இல்லையென்றே சொல்லலாம். எங்கள் வெக்கையில், மழை விழுந்ததும் மற்ற நுண்ணுயிர்கள் சருகை உக்கவைத்து அமோனியமாக்கிவிடும். வயற்பயிரின் வேர்ப் பங்கசு அந்த அமோனியத்தில் கொஞ்சம் பொறுக்கும், அவ்வளவுதான். தண்ணீர் கட்டிய வயலில் அதுவும் குறையும். நைதரசனுக்குக் கிளிரிசிடியாத் தழை போடுங்கோ, பயறு, கௌபி விதையுங்கோ.

புளியங்குளம்: உழுந்து வேரிலை இருக்கிற முடிச்சும் பங்கசோ?

பதில்: இல்லைத் தம்பி, அது றைசோபியம் பற்றீரியா. காற்றிலுள்ள நைதரசனைப் பிடிப்பது அதுதான். எந்தப் பங்கசாலும் அது முடியாது. முடிச்சை நகத்தால் கீறிப் பார், உள்ளே இளஞ்சிவப்பென்றால் வேலை நடக்கிறது. அறுவடையில் செடியைப் பிடுங்காதே, அடியில் அரிந்து வேரை மண்ணிலேயே விடு.